வீட்டில் சோப்பு தயாரிப்போர் கவனத்திற்கு: எண்ணெய், காரம், கணக்கு

‘நூறு சதவீதம் இயற்கை, கெமிக்கலே இல்லை’ என்ற வாசகத்துடன் கையால் செய்த சோப்புகளின் படங்கள் நம் ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. ஆவாரம்பூ சோப்பு, குப்பைமேனி சோப்பு, ஆட்டுப்பால் சோப்பு, கற்றாழை சோப்பு என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் நம் சகோதரிகளே தயாரிக்கிறார்கள். வீட்டு வேலைகளுக்கு இடையே, சொந்த உழைப்பில் நாலு காசு சம்பாதிக்க நினைக்கும் இந்த முயற்சி பாராட்டத்தக்கது.

ஆனால் அந்த விளம்பர வாசகம் உண்மையல்ல. கெமிக்கல் இல்லாத சோப்பு என்று உலகில் எதுவும் கிடையாது. காஸ்டிக் சோடா என்ற கடுமையான காரம் இல்லாமல் குளியல் சோப்புக் கட்டி உருவாகாது. இதைத் தெரிந்து, கணக்கோடு செய்தால் அருமையான சோப்பு கிடைக்கும். தெரியாமல், யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்துக் கைக்கணக்கில் செய்தால் செய்பவரின் கண்ணுக்கும், வாங்கிப் பூசிக்கொள்ளும் குழந்தையின் தோலுக்கும் ஆபத்து. எனவே வீட்டில் சோப்பு செய்பவர்களும் அதை வாங்குபவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே பார்ப்போம்.

சோப்பு எப்படி உருவாகிறது?

எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் கலக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று வினைபுரிந்து வேறு இரண்டு பொருட்களாக மாறுகின்றன. ஒன்று சோப்பு, மற்றொன்று கிளிசரின். வினை முழுமையடைந்து, அளவும் சரியாக இருந்தால், முடிவில் கிடைக்கும் கட்டியில் காஸ்டிக் சோடா மிஞ்சியிருக்காது. அதனால்தான் அவ்வளவு கடுமையான ஒரு பொருளில் இருந்து, தினமும் முகத்தில் பூசும் சோப்பு பிறக்கிறது. ஆக, ‘இதில் காஸ்டிக் சோடாவே சேர்க்கவில்லை’ என்பது தவறு. ‘சேர்த்த காஸ்டிக் சோடா முழுவதும் சோப்பாக மாறிவிட்டது’ என்பதே சரி.

பெரிய தொழிற்சாலைகளில் பல, கிளிசரினைத் தனியே பிரித்தெடுத்து வேறு பயன்பாடுகளுக்கு விற்றுவிடுகின்றன. வீட்டில் செய்யும் சோப்பில் அது அப்படியே தங்கிவிடுகிறது. ஈரப்பதத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் தன்மை கிளிசரினுக்கு உண்டு. கைச்சோப்பு தோலுக்கு மென்மையாக இருப்பதாகப் பலரும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கலை புதிதல்ல. காரத்தைக் குறிக்கும் ‘அல்கலி’ என்ற ஆங்கிலச் சொல்லே, உப்பு நிலத்துச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலைக் குறிக்கும் ‘அல்-கலீ’ என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்ததுதான். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரில் ஆலிவ் எண்ணெய், தண்ணீர், காரம் ஆகியவற்றைக் கொண்டே இன்றும் சோப்பு செய்கிறார்கள். காய்ச்சிய குழம்பைத் தரையில் பரப்பி, ஆறியபின் கட்டிகளாக வெட்டி, காற்று புகும்படி கோபுரம் போல அடுக்கிக் காயவைப்பது அவர்கள் வழக்கம். சிரியாவின் அலெப்போவில் ஆலிவ் எண்ணெயோடு லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, மாதக்கணக்கில் உலரவிடுகிறார்கள். இவ்விரு கைத்தொழில்களையும் யுனெஸ்கோ 2024-ஆம் ஆண்டு மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. பொருட்கள் மிகக் குறைவு, பொறுமை மிக அதிகம். இவர்களிடம் நாம் கற்க வேண்டியது அதுதான்.

எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும்

ஒவ்வோர் எண்ணெயும் சோப்பாக மாறுவதற்கு வெவ்வேறு அளவு காஸ்டிக் சோடா தேவைப்படுகிறது. 1 கிராம் எண்ணெய்க்குத் தேவையான அளவு ஏறத்தாழ இப்படி:

- தேங்காய் எண்ணெய்: 0.183 கிராம்
- பாமாயில்: 0.141 கிராம்
- ஆலிவ் எண்ணெய்: 0.135 கிராம்
- நல்லெண்ணெய்: 0.134 கிராம்
- விளக்கெண்ணெய்: 0.128 கிராம்

இதில் மறைந்திருக்கும் ஆபத்தைப் பாருங்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 91.5 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே 500 கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 67.5 கிராம் போதும். ‘ஏதோ ஓர் எண்ணெய்தானே’ என்று தேங்காய் எண்ணெய்க்கான அளவை வைத்துக்கொண்டு ஆலிவ் எண்ணெயில் சோப்பு செய்தால், 24 கிராம் காஸ்டிக் சோடா வினைபுரிய எண்ணெயின்றி அந்தச் சோப்பிலேயே தங்கிவிடும். பார்ப்பதற்கு அதுவும் அழகான சோப்பாகவே இருக்கும். பூசினால்தான் எரியும்.

இதனால் அனுபவமுள்ளவர்கள் கணக்கில் வரும் அளவைவிட 5 முதல் 8 சதவீதம் வரை காஸ்டிக் சோடாவைக் குறைத்தே சேர்ப்பார்கள். கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் சோப்பில் மிஞ்சும். அது தோலுக்கும் நல்லது, சிறிய எடைப் பிழைகளுக்கும் பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய் மட்டும் கொண்டு செய்யும் சோப்பு தோலை அதிகம் வறட்டும் என்பதால், அதற்கு 20 சதவீதம் வரைகூடக் குறைப்பது உண்டு.

கப், டம்ளர், ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் 1 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். தராசு வாங்கும் வசதி வரும்வரை சோப்பு செய்வதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

முதலில் பாதுகாப்பு

காஸ்டிக் சோடா வேறு, சமையல் சோடா வேறு, சலவை சோடா வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் பயன்படுத்த முடியாது. கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் பொடிகளில் வேறு பொருட்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் பயன்படுத்தக் கூடாது. ரசாயனக் கடைகளில் கிடைக்கும் தூய காஸ்டிக் சோடாவை, தூய்மை அளவு குறிப்பிட்ட டப்பாவாகப் பார்த்து வாங்க வேண்டும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுவிடும் என்பதால் டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும்.

பாத்திரத்தில் பலரும் தவறுகிறார்கள். அலுமினியத்தோடு காஸ்டிக் சோடா கடுமையாக வினைபுரிந்து, எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். பாத்திரமும் அரிக்கப்படும். எனவே அலுமினியச் சட்டி, கரண்டி எதுவும் கிட்டே வரக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம் அல்லது சூடு தாங்கும் கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரம் பயன்படுத்தலாம். சோப்புக்குப் பயன்படுத்தியதை மீண்டும் சமையலுக்கு எடுக்காமல் தனியே வைத்துவிட வேண்டும்.

எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மீது தண்ணீரை ஊற்றினால் குபீரென்று கொதித்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது அடுப்பில் வைக்காமலே கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடேறி, நெடியுடன் ஆவி கிளம்பும். ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து அல்லது வெளித்திண்ணையில் வைத்துச் செய்ய வேண்டும். முழங்கை வரை மூடும் ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கை உடை ஆகியவை கட்டாயம். துப்பட்டாவின் நுனி பாத்திரத்தில் விழாதபடி பின்னால் முடிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகள் வீட்டில் இருக்கும் நேரத்தில் இந்த வேலை வேண்டாம். கரைசல் நிறமின்றித் தண்ணீர் போலவே இருக்கும். அதைத் தண்ணீர் பாட்டிலிலோ டிபன் டப்பாவிலோ ஒரு நிமிடம்கூட வைக்கக் கூடாது.

மீறி விபத்து நேர்ந்தால்:

- தோலில் பட்டால், பட்ட துணியைக் களைந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றக் கூடாது.
- கண்ணில் பட்டால், இமையை விரித்துப் பிடித்துத் தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரம் கண்ணின் உள்ளே ஆழமாக ஊடுருவக்கூடியது. வலி குறைந்துவிட்டது என்று காத்திருக்கக் கூடாது.
- யாரேனும் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உணவுக்குழாய் இரண்டாம் முறையும் வெந்துபோகும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ஒரு சிறிய அளவுக்கான செய்முறை

தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மொத்தம் 500 கிராம் எண்ணெய். மேலே சொன்ன அளவுகளின்படி கணக்கிட்டால் 54.9, 20.25, 6.4 என்று மொத்தம் 81.55 கிராம் காஸ்டிக் சோடா வருகிறது. அதில் 8 சதவீதம் கழித்தால் 75 கிராம். தண்ணீர் அதைப்போல் இரு மடங்கு, அதாவது 150 கிராம். கனிமங்கள் நீக்கிய சுத்த நீராக இருந்தால் நல்லது.

தேங்காய் எண்ணெய் கட்டியையும் நுரையையும் தருகிறது. ஆலிவ் எண்ணெய் மென்மையைத் தருகிறது. விளக்கெண்ணெய் நுரையை நிலைக்க வைக்கிறது. உப்புத் தண்ணீரில் மற்ற சோப்புகள் நுரைக்கத் திணறும்போதும் தேங்காய் எண்ணெய் சோப்பு நுரைக்கும். கடல்நீரில்கூட நுரைக்கும் என்பதால் ஒரு காலத்தில் கப்பல்காரர்கள் இதை விரும்பி வாங்கினார்கள். நிலத்தடி நீர் உப்பாகிப்போன கடற்கரை ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது பயனுள்ள செய்தி.

கரைசலைத் தயாரித்துத் தனியே ஆறவிடுங்கள். எண்ணெய்களைக் கலந்து வெதுவெதுப்பாக்குங்கள். இரண்டும் சுமார் 40 டிகிரி சூட்டுக்கு வந்தபின், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால், அதன் முனை அலுமினியமாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விட்டுவிட்டு இயக்கினால் சில நிமிடங்களில் கெட்டிப்படும். கையால் கலக்கினால் நேரம் பிடிக்கும். கரண்டியில் எடுத்து மேலே ஊற்றினால், ஊற்றிய கோடு சற்று நேரம் மறையாமல் நிற்க வேண்டும். அதுவே பதம். உடனே சிலிகான் அச்சிலோ, பட்டர் பேப்பர் விரித்த மரப்பெட்டியிலோ ஊற்றி மூடி வையுங்கள்.

ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து, கையுறையுடனே எடுத்து வெட்டலாம். ஆனால் உடனே பயன்படுத்த முடியாது. காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, 4 முதல் 6 வாரம் உலரவிட வேண்டும். தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, தோலுக்கு இதமாக மாறுவது இந்தக் காலத்தில்தான். ‘இன்று ஆர்டர் கொடுத்தால் மூன்றாம் நாள் புதிதாகச் செய்து தருகிறோம்’ என்று யாராவது சொன்னால், எண்ணெயிலிருந்து செய்யும் சோப்பைப் பொறுத்தவரை அது தரத்துக்கு அடையாளமல்ல, அவசரத்துக்கு அடையாளம்.

உலர்ந்தபின் ஒரு துளி நீர் விட்டுத் தேய்த்து, பி.எச். தாளில் சோதிக்கலாம். நல்ல சோப்பு 9 முதல் 10 வரை காட்டும். 11-ஐத் தாண்டினால், அல்லது கட்டியின் உள்ளே வெள்ளைக் கற்கள் போலவோ நீர்க்கோத்த குழிகளாகவோ தென்பட்டால், அந்தத் தொகுப்பை யாருக்கும் தரக் கூடாது.

மூலிகையும் மணமும்

காரத்தின் நடுவே எல்லா மூலிகையும் தன் குணத்தோடு பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மஞ்சள் தன் நிறம் மாறிச் செம்மஞ்சளாகிவிடும். ரோஜா இதழ்கள் பழுப்பாகிவிடும். பாலைச் சூடான கரைசலில் ஊற்றினால் கருகும். எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் காஸ்டிக் சோடாவின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் கணக்கே மாறிப்போகும். மேலும் சோப்பு தோலில் தங்குவது ஒரு நிமிடம்தான், பிறகு கழுவி விடுகிறோம். எனவே மூலிகைச் சோப்பால் தோல் நோய் தீரும், நிறம் மாறும் என்று நம்பியோ நம்பவைத்தோ ஏமாற வேண்டாம்.

மணத்துக்கான எண்ணெய்கள் மொத்த எண்ணெய் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இயற்கையான மண எண்ணெய்களும் சிலருக்கு ஒவ்வாமை தரும். மணமே சேர்க்காத சோப்புக்கும் தேவை இருக்கிறது. இஹ்ராமில் இருக்கும் ஹஜ், உம்ரா பயணிகள் நறுமணப் பொருட்களைத் தவிர்க்க வேண்டியிருப்பதால் மணமில்லாச் சோப்பைத் தேடுகிறார்கள்.

பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நம் தோலின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டியது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் சோப்பு காரத்தன்மை உடையதே. எக்ஸிமா போன்ற தோல் பிரச்சினை உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்வதே முடிவு. ‘இயற்கையானது’ என்ற ஒரு சொல் அதற்கு மாற்றாகாது.

காஸ்டிக் சோடாவைத் தொட விரும்பாதவர்களுக்கு

கடைகளில் ‘சோப்பு பேஸ்’ கிடைக்கிறது. அதை உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் சோப்பு தயார். கார வேலையைத் தொழிற்சாலை ஏற்கெனவே முடித்துவிட்டதால் தொடக்கநிலையினருக்கு இது பாதுகாப்பான வழி. ஆனால் அந்த பேஸில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதைத் தயாரித்தவர்தான் சொல்ல முடியும். எனவே பொருள் பட்டியல் உள்ள பேஸையே வாங்க வேண்டும். வாடிக்கையாளரிடமும் ‘பேஸ் வாங்கிச் செய்தது’ என்று சொல்லிவிட வேண்டும். அது குறையல்ல, மறைப்பதுதான் குறை.

இன்னும் எளிதானது நம் பாட்டிமார் அறிந்த குளியல் பொடி. பச்சைப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ரோஜா இதழ் ஆகியவற்றை நன்றாக உலர்த்தி, அரைத்து, மெல்லிய துணியில் சலித்தால் போதும். இதற்கு எதிரி ஈரம் ஒன்றுதான். சரியாகக் காயாத பூவோ, ஈரக் கையோ பட்டால் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர் கலந்த ஷாம்பூ, கற்றாழை ஜெல், லோஷன் போன்றவற்றில் இந்த ஆபத்து பன்மடங்கு. கெடாமல் காக்கும் பொருள் சேர்க்காமல் அவற்றைச் செய்து வாரக்கணக்கில் வைத்திருப்பதும் விற்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கிருமிகள் பெருகியிருக்கும்.

ஹலால் பார்வையில்

வீட்டுத் தயாரிப்பின் பெரிய நன்மை, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் நமக்குத் தெரியும் என்பது. வெளிநாட்டுச் சோப்புகளின் உறையில் ‘சோடியம் டாலோவேட்’ என்றிருந்தால் அது மாடு, ஆடு போன்றவற்றின் கொழுப்பிலிருந்தும், ‘சோடியம் லார்டேட்’ என்றிருந்தால் பன்றிக் கொழுப்பிலிருந்தும் வந்தது. ‘சோடியம் கோக்கோயேட்’ தேங்காய் எண்ணெயையும், ‘சோடியம் பாமேட்’ பாமாயிலையும் குறிக்கும். ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக உருமாறினால் அதன் சட்டம் மாறுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாவர எண்ணெயில் செய்யும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆனால் பேஸ், கிளிசரின், நறுமணக் கலவை ஆகியவற்றை வெளியில் வாங்கும்போது அவற்றின் மூலப்பொருளைக் கேட்டறிவது நம் பொறுப்பு.

விற்பதற்கு முன்

சொந்த வீட்டுக்குச் செய்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விற்பனை என்று வந்துவிட்டால் சட்டம் குறுக்கிடுகிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் சோப்புக்கு முன்பு விலக்கு இருந்தது. 1982-இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தால் அந்த விலக்கு நீங்கியது. இன்று குளியல் சோப்பும் அழகுசாதனப் பொருளே. அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-இன்படி விற்பனைக்காகத் தயாரிக்க மாநில உரிமம் வழங்கும் அதிகாரியிடம் உரிமம் பெற வேண்டும். தயாரிப்புக்கென இடவசதியும், வேதியியல் அல்லது மருந்தியல் படித்த தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையும் அதற்குத் தேவை.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவோ, ஜி.எஸ்.டி. எண்ணோ இந்த உரிமத்துக்கு ஈடாகாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் உணவுக்கு மட்டுமே. சொந்த இடவசதி இல்லாதவர்கள், உரிமம் பெற்ற வேறொரு கூடத்தில் தம் பொருளைத் தயாரித்துக்கொள்ளும் தனி உரிம முறையும் விதிகளில் உள்ளது. நான்கைந்து சகோதரிகள் குழுவாக இணைந்தால் இது எட்டாக்கனி அல்ல. மாவட்டத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் முறையாக விசாரித்துக்கொள்ளலாம். ‘இந்தச் சோப்பு சொரியாசிஸைக் குணப்படுத்தும்’ என்று எழுதினால் அது அழகுசாதனம் என்ற எல்லையைத் தாண்டி மருந்தாகிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உரிமத்தோடு விற்கும்போது உறையில் பொருட்களின் பட்டியல், தயாரித்தவர் முகவரி, உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி ஆகியவை இடம்பெற வேண்டும். ஒவ்வொரு தொகுப்புக்கும் என்ன எண்ணெய், எத்தனை கிராம், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டியில் குறை தெரிந்தால், அதே தொகுப்பில் சென்ற மற்றக் கட்டிகளைத் திரும்பப் பெற அந்த நோட்டுதான் உதவும்.

வாங்குபவர்கள் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். எந்தெந்த எண்ணெயில் செய்தீர்கள்? எத்தனை வாரம் உலரவைத்தீர்கள்? உரிமம் இருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்பவர், ‘கெமிக்கல் இல்லை’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. ‘இத்தனை எண்ணெய், இத்தனை காஸ்டிக் சோடா, இத்தனை வாரம்’ என்று உறையிலேயே எழுதலாம். அந்த வரியைவிட நல்ல விளம்பரம் ஒரு சோப்புக்கு இருக்க முடியாது.